பின்மாற்றம்

என் முதல் மாத்திரையை 22 வயதில் விழுங்கினேன். விழுங்கினேன் என்பதுகூடச் சரியில்லை, மென்றேன். 2010 அக்டோபர். வேளச்சேரியில் நான்கு பேர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீடு. எனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மதுரைக்கார நண்பன் அட்டையிலிருந்து ஒரு பாரசிட்டமாலைப் பிதுக்கி என் கையில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் நான் அதை வாயில் போட்டு மிட்டாய் மாதிரிக் கடித்திருந்தேன். கசப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"டேய், முழுங்கணும்டா. சின்னப் பிள்ளைல மாத்திரையே போட்டதில்லையா நீ?"

"இல்ல."

சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அன்றிரவு எல்லோரும் தூங்கிய பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தேன். என்ன நடக்கும் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டு மணி வாக்கில் உடம்பு வேர்த்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது. எந்தத் தண்டனையையும்விட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு ரூபாய் மாத்திரைக்கு இறங்குகிற காய்ச்சலுக்கு எங்கள் வீட்டில் என்ன விலை கொடுத்திருந்தோம் என்கிற கணக்கு அந்த ராத்திரியில்தான் எனக்குள் ஓடத் தொடங்கியது.

*

தாமிரபரணிக்குத் தெற்கே, தேரிக்காட்டின் செம்மண் தொடங்குகிற இடத்தில் எங்கள் ஊர். தாத்தா சி.எஸ்.ஐ. கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தவர். மணி அடிப்பது, கோயிலைப் பெருக்குவது, கல்லறைத் தோட்டத்துக்குச் சாவி வைத்திருப்பது. அப்பா கருப்பட்டி வியாபாரம் செய்தார், குடித்தார். நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, கடன்காரர்களுக்குப் பயந்து ஒளிந்திருந்த ஒரு நாளில், யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு பந்தலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு விட்ட குடியைச் சாகும்வரை தொடவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் சபை என் அப்பாவைக் காப்பாற்றியது. அது பொய்யில்லை.

எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை. அதன் ஒழுங்குகளை மட்டும் சொல்கிறேன். வெள்ளை உடை. நகை கூடாது, அம்மா தாலியைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். பூ, பொட்டு, சினிமா, டிவி, பத்திரிகை எதுவும் கூடாது. கிறிஸ்துமஸ்கூடக் கிடையாது, அது உலகத்தார் பண்டிகை. ஞாயிற்றுக்கிழமை காலை, மாலை, செவ்வாய், வெள்ளி, மாதம் ஒரு முழு இரவு ஜெபம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, மருந்து கூடாது. தலைவலித் தைலம் முதல் அறுவைச் சிகிச்சை வரை எதுவும். அதற்குத் 'தெய்வீக சுகம்' என்று பெயர். மருந்தைத் தொடுகிறவன் விசுவாசத்தில் குறைந்தவன்.

இதைக் கேட்கிற நண்பர்கள் உடனே சங்கிலி, பூட்டு, பிரம்படி என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. 1992 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டின் பின்சுவர் விழுந்தபோது, தண்ணீர் வடிந்த நான்காம் நாள் சபையார் பதினேழு பேர் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். கல், சுண்ணாம்பு, கொத்தனார் எல்லாம் அவர்களே. அம்மாவுக்குத் தங்கச்சி பிறந்தபோது நாற்பது நாளைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முறை வைத்துச் சோறு வந்தது. சாதி கேட்காமல் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தை எங்கள் ஊரில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. இரும்புக் கம்பியாக இருந்திருந்தால் வெளியே வருவது சுலபமாக இருந்திருக்கும்.

*

போலியோ சொட்டு மருந்து முகாம்கள் 1995-இல் தொடங்கின. சொட்டு மருந்து போட்ட பிள்ளையின் இடது சுண்டுவிரலில் மை வைப்பார்கள். முகாமுக்கு மறுநாள் வீடு வீடாக வந்து விரலைப் பார்ப்பார்கள். எங்கள் தெருவுக்கு வரும் நர்சம்மாவின் குடை தெரிந்ததுமே அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு கருப்பட்டிப் பானைகள் அடுக்கியிருந்த உள்ளறைக்குப் போய்விடுவாள். வாசலில் நான் நிற்பேன். "பாப்பா ஆச்சி வீட்டுக்குப் போயிருக்கா" என்று சொல்ல வேண்டும். பொய் சொல்வது பாவம் என்று சொல்லி வளர்த்த வீட்டில் எனக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரே பொய் அதுதான்.

1999 அக்டோபரில் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று. முதல் வாரம் சாயங்காலம் ஏறும், காலையில் கொஞ்சம் இறங்கும். பிறகு இறங்குவது நின்றுவிட்டது. நாக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது. வயிறு வலிக்கிறது என்றாள். சபையார் வந்தார்கள். எண்ணெய் பூசி ஜெபித்தார்கள், உபவாசம் இருந்தார்கள். அப்பா முழங்காலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. சாணம் மெழுகிய தரையில் அவர் முழங்கால் பட்ட இரண்டு குழிகள் தெரிந்தன. பதினேழாம் நாள் கறுப்பாக வயிற்றால் போனது. பத்தொன்பதாம் நாள் விடியற்காலை அவள் இறந்தாள்.

எந்த மருத்துவரும் அவளைப் பார்க்கவில்லை. அதனால் அவள் எதனால் இறந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. பஞ்சாயத்துப் பதிவில் 'காய்ச்சல்' என்று எழுதினார்கள்.

அடக்கத்தில் சத்தமாக அழக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நம்பிக்கை இல்லாதவர்கள்தான் அப்படி அழுவார்களாம். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். தலைப்பின் ஓரம் கிழிந்துபோனது. அந்தச் சேலையை அதற்குப் பிறகும் ரொம்ப நாள் உடுத்தினாள்.

இரண்டு மாதம் கழித்து டிசம்பர் 31. இரண்டாயிரமாவது வருடம் பிறப்பதற்குள் வருகை இருக்கும் என்று சபையில் பலர் நம்பினார்கள். யாரும் தேதி குறிக்கவில்லை, ஆனால் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். அன்றிரவு சபைக்குக் கிளம்பும்போது அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து தங்கச்சியின் வெள்ளைக் கவுனை எடுத்துப் பைபிளோடு சேர்த்துப் பைக்குள் வைத்ததைப் பார்த்தேன். கல்லறைகள் திறக்கும். பிள்ளை வெறும் உடம்போடு வருவாளே என்று நினைத்தாளோ என்னவோ, நான் கேட்கவில்லை. பன்னிரண்டு அடித்தது. பாடினோம். ஒரு மணி, இரண்டு மணி. விடிந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா கவுனை மடிப்புக் கலையாமல் பெட்டியில் திருப்பி வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு மூத்த சகாக்கள் ஒய்டூகே கதைகளைச் சொல்வார்கள். வருடத்தை இரண்டு இலக்கத்தில் சேமித்துவைத்த நிரல்கள் '00' வந்ததும் என்ன செய்யும் என்று, அதே ராத்திரியில் திரைக்கு முன்னால் தூங்காமல் உட்கார்ந்திருந்ததாகச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அந்தக் கவுன்தான் ஞாபகம் வரும்.

*

எப்போது நம்பிக்கை போனது என்று கேட்கிறார்கள். தங்கச்சி இறந்தபோது என்று சொன்னால் கதை நேராக இருக்கும். உண்மையில் அவள் இறந்த பிறகு நான் இன்னும் அதிகமாக ஜெபித்தேன். அவளைத் திரும்பப் பார்க்க வேறு வழி எனக்கு இல்லை.

விரிசல் விட்டது ரொம்பச் சாதாரணமான இடத்தில். கடைச் சாமான்களில் இருக்கும் பார்கோடு மிருகத்தின் முத்திரை, அதில் 666 ஒளிந்திருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு ஓரத்திலும் நடுவிலும் நீளமாக இறங்கும் மெல்லிய இரட்டைக் கோடுகள்தான் அந்த மூன்று ஆறுகள். சோப்பு வாங்கினால் அம்மா உறையைக் கழற்றி உடனே எரித்துவிடுவாள். கல்லூரியில் மூன்றாம் வருடம் ஒரு பாடத்துக்காக அந்தக் குறியீட்டின் அட்டவணையைப் பார்த்தேன். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஏழு கட்டங்கள். வலப்பாதியில் ஆறு என்பது 1010000. ஓரக் கோடுகள் வெறும் 101, ஸ்கேனர் எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பதற்கான எல்லைக் கோடு. ஆறுக்குப் பின்னால் வரும் நான்கு பூஜ்ஜியங்கள் வெள்ளையாக இருப்பதால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எந்திரத்துக்குத் தெரியாது.

கதை அவ்வளவுதான். ஆனால் பத்து வருடம் என்னைப் பயமுறுத்திய ஒன்று முதல்முறையாக ஒரு அட்டவணையாக மாறி என் முன்னால் கிடந்தது. அன்று மாலை ஹாஸ்டல் அறையில் ஒரு பிஸ்கட் உறையை வைத்துக்கொண்டு கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். எண்ணி முடித்த பிறகு, வேறு எதையெல்லாம் எண்ணிப் பார்க்காமல் விட்டோம் என்று தோன்றியது. அந்தக் கேள்வி போக வேண்டிய இடத்துக்குப் போக இன்னும் இரண்டு வருடம் ஆனது.

2010 ஜூனில் சென்னையில் வேலை கிடைத்தது. இங்குள்ள சபை ஊழியருக்கு அப்பா ஒரு கடிதம் கொடுத்துவிட்டார். நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. முதல் ஞாயிறு தூங்கினேன். இரண்டாவது ஞாயிறு கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். செப்டம்பரில் அப்பா நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார். எழும்பூர் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் நின்று பேசினோம். ஐந்து நிமிடம் இருக்கும்.

"வாரியா, வரலியா?"

"வரலப்பா."

"ஒன் தங்கச்சியப் பாக்க வேண்டாமாடே ஒனக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரி. இனி எங்களுக்கு ஒத்தப் பிள்ளைதான். அது மேல இருக்கு."

டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு உள்ளே போனார். அடுத்த ஞாயிறு என் பெயர் சபையில் வாசிக்கப்பட்டது. பின்மாற்றக்காரன்.

*

அந்தச் சொல்லை அப்புறம் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். சபையை விட்டுப் போவதற்கு எங்கள் வழக்கில் பின்மாற்றம் என்று பெயர். பின்னால் போவது. முன்பு குடித்தவன் திரும்பக் குடிக்கப் போவான், முன்பு சினிமா பார்த்தவன் திரும்பப் பார்ப்பான். என் தொழிலில் இதற்கு ரோல்பேக் என்று பெயர். புதிதாக ஏற்றிய நிரலில் கோளாறு வந்தால் பழையது எங்கேயாவது பத்திரமாக இருக்கும், அதற்குத் திரும்பிவிடலாம். அப்பா பின்மாறியிருந்தால் அவருக்குத் திரும்பிப் போக ஒரு பழைய மனிதன் இருந்தான். கருப்பட்டி வியாபாரி, கோயில்பிள்ளை மகன், நண்பர்கள் உள்ளவன். அந்தச் சபைக்குள்ளேயே பிறந்த எனக்குப் பின்னால் எதுவுமே இல்லை. எனக்குத் தெரிந்த எல்லாப் பாட்டும் அங்கே கற்றது. தெரிந்த எல்லா மனிதரும் அங்கே இருந்தார்கள்.

இது ஒரு அலுவலகப் படிவத்தில்தான் உறைத்தது. அந்த நவம்பரில் ஊழியர் விவரங்களைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். 'அவசரத் தொடர்பு' என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். ஜூனில் அப்பாவின் எண்ணைக் கொடுத்திருந்தேன். இப்போது அதை அழித்துவிட்டு வெறுமனே விட்டேன். சேமிக்க மறுத்தது. மூன்று முறை அழுத்திப் பார்த்தேன். நான்கு நாள் கழித்து மதுரைக்காரனிடம் கேட்டேன்.

"ஒன் நம்பர் போட்டுக்கிடட்டா?"

"இதுக்கெல்லாமா கேப்ப?"

உறவுமுறை என்ற இடத்தில் தந்தை, தாய், துணைவர், உடன்பிறந்தார், மற்றவர் என்று இருந்தது. 'மற்றவர்' என்பதைத் தேர்ந்தேன். என் புது வாழ்க்கை அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது.

அடுத்த பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். எனக்கு அதுதான் முதல் பொங்கல். அவன் அம்மா எல்லோருக்கும் திருநீறு பூசிக்கொண்டே வந்தார்கள். என்னிடம் வரும்போது என் கழுத்து தானாகப் பின்னால் போயிற்று. அவர்கள் கை அரை நொடி நின்றது. பிறகு எதுவுமே நடக்காத மாதிரி என் தலைமுடியைக் கோதிவிட்டு, "சாப்பிட வாப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அவர்களுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மூளை வெளியே வந்த பிறகும் உடம்பு உள்ளேயே இருந்தது. 2012-இல் ஒருநாள் வேலை முடிந்து வந்தால் அறைக்கதவு திறந்து கிடக்கிறது. ஃபேன் ஓடுகிறது. அடுப்பில் பால் கொதித்து வழிகிறது. ஆள் யாருமே இல்லை. எனக்கு முழங்கால் இரண்டும் நடுங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிறுவயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு காலியாக இருந்தால் வருகிற அதே நடுக்கம். எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், நான் கைவிடப்பட்டேன். அப்போதெல்லாம் பக்கத்து விசுவாசி வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்கும்வரை எனக்கு உயிர் வராது. இப்போது நான் எதையும் நம்பாதவன், 24 வயதுப் பொறியாளன், அதே நடுக்கம். பையன்கள் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போயிருந்தார்கள், மழை வரும்போலிருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையைத் துடைத்தேன்.

*

வெளியே வந்த முதல் சில வருடங்கள் ஒரு வெறியோடு வாசித்தேன். இந்தப் பயத்துக்கு ஒரு வம்சாவளி இருக்கும் என்று தோன்றியது. இருந்தது.

திருநெல்வேலிச் சீமையில் 1860-இல் ஒரு பெரிய எழுப்புதல் நடந்தது. ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழர் அதை முன்னின்று நடத்தினார். ஆட்கள் நடுங்கி விழுந்தார்கள், அந்நியபாஷை பேசினார்கள். அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே இயக்கம் பிறப்பதற்கு நாற்பது வருடம் முன்பு. அருளப்பனின் ஆசான் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயர். இந்தியாவுக்கு வருவதற்கு முன் அவர் என்ன தொழில் செய்தார் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். பல் மருத்துவர்.

மருந்து வேண்டாம் என்பது வேறொரு வழியாக வந்தது. சிகாகோவுக்கு வடக்கே சயான் என்று ஒரு நகரத்தையே நிறுவிய ஜான் அலெக்ஸாண்டர் டவி அதை உரக்கப் பேசியவர்களில் முக்கியமானவர். மருத்துவர்களையும் மருந்தையும் பிசாசோடு சேர்த்து வைத்தவர். அவருடைய மகள் எஸ்தர் 1902-இல் ஸ்பிரிட் விளக்கின் தீ உடையில் பற்றி, 21 வயதில் இறந்தாள். டவி தன் போதனையை மாற்றிக்கொள்ளவில்லை.

நம் பக்கத்திலேயே இன்னொரு கதை. திருவிதாங்கூரில் ஜஸ்டஸ் ஜோசப் என்பவர் 1875-இல், இன்னும் ஆறு வருடத்தில் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். 1881 வந்தது, போனது. அவரோடு இருந்தவர்களில் பலர் கலைந்துபோகவில்லை. யுயோமயம் என்று புதிய சகாப்தத்துக்கே பெயர் வைத்துத் தொடர்ந்தார்கள். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1954-இல் அமெரிக்காவில் வெள்ளத்தால் உலகம் அழியும் என்று காத்திருந்த ஒரு சிறு குழுவுக்குள் புகுந்து பார்த்து, இரண்டு வருடம் கழித்துப் புத்தகம் எழுதினார்கள். சொன்ன தேதியில் வெள்ளம் வரவில்லை. வேலையை விட்டு, உடைமைகளைக் கொடுத்துவிட்டு ஒன்றாகக் காத்திருந்தவர்கள் அதற்குப் பிறகு இன்னும் உறுதியாகப் பேசத் தொடங்கினார்கள் என்று அந்தப் புத்தகம் சொன்னது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒன்று மட்டும் பிடிபட்டது. நான் என் அப்பா அம்மாவைவிடப் புத்திசாலி என்பதால் வெளியே வரவில்லை. நான் எதையும் கொடுத்திருக்கவில்லை. கொடுத்தவர்கள் அவர்கள். தாலியை, சொந்தக்காரர்களை, பிறகு ஒரு பிள்ளையை. அவ்வளவு கொடுத்த பிறகு அது தப்பு என்று ஒப்புக்கொள்வது எப்படி? என் அப்பா ஒரு நிமிடம் சந்தேகப்பட்டால் அந்த ஒரு நிமிடத்தில் அவர் தன் மகளைக் கொன்றவர் ஆகிவிடுவார். எழும்பூர் டீக்கடையில் அவர் என்னைக் கூப்பிட வந்தார் என்று நினைத்திருந்தேன். என் பதிலில் அவருக்கு என்ன தீர்ப்பு இருந்தது என்று எனக்கு அன்று தெரியாது.

2016-இல் ஒரு நண்பனின் அக்காவைச் சந்தித்தேன். குழந்தைகள் மருத்துவர். சாப்பாடு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு அவரிடம் மட்டும் சொன்னேன். சாயங்காலம் ஏறும் காய்ச்சல், வெள்ளை நாக்கு, வயிற்று வலி, பதினேழாம் நாள். அவர் நடுவில் பேசவே இல்லை.

"பார்க்காம எதுவும் சொல்லக்கூடாது" என்றார் கடைசியில். "ஆனா நீங்க சொல்றது டைஃபாய்டு மாதிரி இருக்கு. மூணாவது வாரம் குடல்ல ரத்தம் கசியும்."

வீட்டுக்கு வந்து படித்தேன். டைஃபாய்டுக்கு 1948-லேயே மருந்து வந்துவிட்டது. சிகிச்சை இல்லாவிட்டால் நூறு பேரில் 10 முதல் 30 பேர் வரை இறப்பார்கள். சிகிச்சை கிடைத்தால் ஒன்று முதல் நான்கு. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதற்குள் இருந்த இன்னொரு கணக்கு தெரிந்தது. மருந்தே இல்லாவிட்டாலும் நூறில் எழுபது பேராவது பிழைத்துக்கொள்வார்கள். அந்த எழுபது பேரும் வெள்ளிக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். பொய் சொல்ல மாட்டார்கள். கண்ணீரோடு உண்மையாகத்தான் சொல்வார்கள். மிச்சமுள்ளவர்களுக்குச் சாட்சி சொல்ல வாய் கிடையாது. என் சிறுவயது முழுக்க நான் பிழைத்தவர்களின் பேச்சை மட்டுமே கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

*

2018-இல் அப்பா இறந்தார். நெஞ்சுவலி. பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணினார். நான் போய் ஓரமாக நின்றேன். சபையார் யாரும் என்னிடம் பேசவில்லை, ஆனால் ஒரு பெரியவர் என் கையில் மண்ணைக் கொடுத்துப் போடச் சொன்னார். வெள்ளத்தில் சுவர் கட்ட வந்த பதினேழு பேரில் அவரும் ஒருவர்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு மூன்று நான்கு முறை ஊருக்குப் போகிறேன். அம்மா இன்னும் சபையில்தான் இருக்கிறாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. முட்டி வலிக்கு நான் வாங்கிவைத்த தைலம் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. தூக்கி எறியவும் இல்லை.

2022 மே. திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் லேப்டாப்பைத் திறந்துவைத்திருந்தேன். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"ஏல, ஒண்ணு கேக்கணும் ஒங்கிட்ட. பாப்பாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா இருந்திருப்பாளா?"

இருபத்துமூன்று வருடத்தில் முதல்முறை. என் தலைக்குள் இரண்டு எண்கள் வந்து நின்றன. அவற்றைச் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகப் பல வருடம் நினைத்திருக்கிறேன். பல ராத்திரிகளில் அப்பாவிடம் அவற்றை மனத்துக்குள் சத்தம் போட்டுச் சொல்லியிருக்கிறேன்.

"ஒரு டாக்டரம்மாட்ட கேட்டேன்மா. பாக்காம சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

கீரை ஆயும் கை நின்றது. "நீ கேட்டியா?"

"ம்."

"என்னைக்கு?"

"ஆறு வருசம் இருக்கும்."

கொஞ்ச நேரம் காம்பை மட்டும் உருவிக்கொண்டிருந்தாள்.

"பதினாலாம் நாளு ராத்திரி ஒங்கப்பா முழுராத்திரி ஜெபத்துக்குப் போயிருந்தாவ. நீ ஒறங்கிட்டுக் கெடந்த. நான் அவளப் போர்வைல சுத்தித் தூக்கிட்டுப் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பாளையங்கோட்டைக்குப் போயிரலாம்னு. யாருக்கும் தெரியாது."

"பஸ் வரலியாம்மா?"

"வந்துச்சு."

முறத்தைத் தட்டிக் காம்புகளை ஒதுக்கினாள்.

"கண்டெக்டரு ஏறுதியளாக்கான்னு கேட்டாரு. இல்லன்னுட்டேன். அவ என் தோள்ல தூங்கிட்டிருந்தா. கொஞ்சம் சூடு கொறஞ்ச மாதிரி இருந்துச்சு."

நான் லேப்டாப்பை மூடினேன். அருகில் போய் உட்கார்ந்து மிச்சக் கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன். எனக்குச் சரியாக வரவில்லை, இலையோடு காம்பும் வந்தது. "இங்கன குடு" என்று வாங்கிக்கொண்டாள். வேறு எதுவும் பேசவில்லை.

ராத்திரி சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் படுத்திருந்தேன். உள்ளே அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்குக் கடைசி பஸ் தெருமுனையில் வந்து நின்றது. பாத்திரச் சத்தம் நின்றது. யாரோ இறங்கினார்கள், விசில் கேட்டது, பஸ் கிளம்பியது. தேரி மேட்டில் ஏறி எஞ்சின் சத்தம் முழுக்கத் தேயும்வரை அடுப்படியில் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. சிறுவயதிலிருந்தே அந்த பஸ் அந்த நேரத்துக்குத்தான் போகிறது. அடுப்படி நிற்பதை நான் கேட்டதே இல்லை.